சீயக்காய்: சிகையா, சீகையா?

பொடிப் பொட்டலங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே பொருளின் பெயர் மூன்று விதமாக அச்சாகியிருப்பது தெரியும்: சீயக்காய், சீகைக்காய், சிகைக்காய். இவற்றில் கடைசி வடிவமே திருத்தமானது என்று படித்தவர்கள் பலர் நம்புகிறார்கள். சிகை என்றால் தலைமுடி. அதற்குத் தேய்க்கும் காய் சிகைக்காய். பேச்சில் அது சிதைந்து சீயக்காய் ஆயிற்று என்பது அவர்கள் தரும் விளக்கம். கேட்டதும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் விளக்கம்தான். ஆனால் சொல்லின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

முதலில் உயிரொலியைப் பார்ப்போம். சிகையில் இருப்பது குறில். சீயக்காயிலோ நெடில். கன்னடத்தில் இது சீகெகாயி, தெலுங்கில் சீகாய, மலையாளத்தில் சீவக்காய். நான்கு மொழிகளிலும் முதலெழுத்து நெடிலாகவே நிற்கிறது. ஒரு மொழியில் குறில் தற்செயலாக நீண்டிருக்கலாம். நான்கிலும் ஒருசேர நீண்டது என்று சொல்ல வலுவான காரணம் வேண்டும். அப்படி ஒன்று இல்லை.

அடுத்தது பெயரின் அமைப்பு. கன்னடத்தில் காயை நீக்கிவிட்டாலும் சீகெ தனித்து நிற்கும். அந்த முட்கொடிக்கே பெயர் அதுதான். தமிழிலும் சீகை என்பது செடியின் பெயர். வாழையின் காய் வாழைக்காய், முருங்கையின் காய் முருங்கைக்காய். அதே முறையில் சீகையின் காய் சீகைக்காய். செடியின் பெயரோடு காயைச் சேர்ப்பதே நம் மொழியின் இயல்பு. எந்த உறுப்புக்குப் பயன்படுகிறது என்று பார்த்துக் காய்க்குப் பெயர் வைப்பது அரிது.

மூன்றாவது ஒலிமாற்றம். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் பேச்சில் மெலிந்துபோகும். மகன் 'மவன்' ஆவது அப்படித்தான். சொல்லின் இடையில் வரும் ஐகாரமும் குறுகி அகரமாகும். வாழைக்காய் வாய்வழக்கில் 'வாழக்கா' ஆகிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் சீகைக்காய் சீயக்காய் ஆவதில் வியப்பில்லை. மலையாளத்துச் சீவக்காயில் ககரத்தின் இடத்தில் வகரம் வந்திருக்கிறது. சீயக்காய் சிதைவன்று, மொழியின் ஒழுங்கான நடையில் பிறந்த வடிவம்.

வடக்கே போன கதையும் இதை உறுதிசெய்கிறது. மராத்தியில் சிகேகாயி, இந்தியில் சிகாகாயி. நம் 'காய்' பொருள் புரியாமலே அங்கே பெயரோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. போன இடத்தில் நெடில் குறுகியது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று, ஷாம்பு பாட்டிலில் ஷிகாகாய் என்று நம்மிடமே திரும்பி வந்தது. சிகை என்ற விளக்கத்துக்கு இந்தக் குறில் வடிவமும் துணைபோயிருக்க வேண்டும்.

தாவரவியல் பெயர் இந்தச் செடிக்கு ஒரே நிலையில் நின்றதில்லை. நெடுங்காலம் அகேசியா கன்சின்னா என்று வழங்கியது. கன்சின்னா என்றால் நேர்த்தியானது. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பேரினப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு உரியதாக்கும் முடிவை ஏற்றது. நம் சீகை செனகேலியா என்ற பேரினத்துக்கு மாறி, இன்று செனகேலியா ருகேட்டா எனப்படுகிறது. ருகேட்டா என்றால் சுருக்கம் விழுந்தது. காய்ந்த சீயக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் உடனே விளங்கும்.

இனி நுரைக்கு வருவோம். அதைத் தரும் பொருளின் பெயர் ட்ரைடெர்பீன் சபோனின். டெர்பீன் என்ற சொல் டர்பென்டைன் எண்ணெயின் பெயரிலிருந்து வந்தது. ஒரு டெர்பீன் அலகுக்குப் பத்து கார்பன் அணுக்கள் என்பது கணக்கு, 'ட்ரை' மூன்று. ஆக முப்பது கார்பன். செடி முதலில் ஸ்குவாலீன் என்ற நீளச் சங்கிலியைக் கட்டி, அதை மடித்து வளையங்களாக மூட்டுகிறது. சீயக்காயில் இப்படி அமையும் ஐந்து வளைய மூலக்கூறு அகேசிக் அமிலம். இது நீரோடு சேராது. இதன்மேல் செடி சர்க்கரைகளைக் கோக்கிறது. சர்க்கரை நீரை நாடும். ஒரே மூலக்கூறின் ஒரு பக்கம் எண்ணெயைப் பிடிக்க, மறுபக்கம் நீரோடு போக, தலையிலிருந்த நல்லெண்ணெய் கழன்றுவிடுகிறது. கண்ணில் பட்டால் எரிவதும் பொடி மூக்கில் ஏறினால் தும்மல் வருவதும் இதே சபோனின் திசுக்களைத் தாக்குவதால்தான்.

சபோனின் என்ற பெயருக்குத் தாய் இலத்தீனில் உள்ள 'சாப்போ'. இது ஜெர்மானியரிடமிருந்து இலத்தீனுக்குப் போன சொல். முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, கொழுப்பும் சாம்பலும் கலந்து 'கால்' என்ற நாட்டினர் செய்த இப்பொருளை முடியைச் செம்பட்டையாக்கும் பூச்சு என்றே குறிப்பிடுகிறார். சிகையோடு பிறப்புத் தொடர்பு உள்ளது சீயக்காயின் பெயருக்கு அன்று, சபோனினின் பெயருக்குத்தான். அரபியின் சாபூன், இந்தியின் சாபுன், பிரெஞ்சின் சவோன் எல்லாம் சாப்போவின் வழி. ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த சோப்பும் அதே ஜெர்மானிய வேரில் முளைத்தது. பூந்திக்கொட்டை மரத்துக்கு லின்னேயஸ் 1753இல் நிலைநிறுத்திய சபிண்டஸ் என்ற பெயர், 'இந்திய சாப்போ' என்பதன் சுருக்கம்.

சோப்புக்கு நம்மிடம் சவர்க்காரம் என்ற சொல்லும் உண்டு; இலங்கைத் தமிழர் இன்றும் அதையே அன்றாடம் வழங்குகிறார்கள். சவர் உப்பு, உவர். காரம் அதன் தன்மை. கொழுப்போடு காரம் சேர்ந்து பிறப்பது சோப்பு என்பதால் இந்தப் பெயர் வேதியியலுக்கும் பொருந்துகிறது. சீயக்காய்க் கரைசலோ காரமன்று, இலேசான அமிலம். உப்புநீரில் சோப்பு திரிந்து வெண்படிவாவதுபோல் அது திரிவதுமில்லை. நுரைப்பதில் ஒத்த இவ்விரண்டும் தன்மையில் வேறு.

ஆகவே எழுதுவோருக்கும் அச்சிடுவோருக்கும் ஒரு வேண்டுகோள். பேச்சில் வழங்கும் சீயக்காயை அப்படியே எழுதுங்கள். முழுவடிவம் வேண்டுமென்றால் சீகைக்காய் என்று எழுதுங்கள். திருத்தம் என்று எண்ணிச் சிகைக்காய் என்று மாற்றாதீர்கள். அந்த மாற்றம் செடியின் பெயரையே சொல்லிலிருந்து எடுத்துவிடுகிறது.