ஒரு வருட வேலை பத்து வருடமான கதை

1977-ல் ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்புகளைப் பார்த்து டொனால்ட் கனூத் நொந்துபோனார். ஈய எழுத்தின் அழகு புதிய ஒளி அச்சுக்கோப்பில் காணாமல் போயிருந்தது. சரி, தானே ஒரு மென்பொருள் எழுதுவது என்று இறங்கினார். ஒரு வருடத்தில் முடியும் என்பது அவர் கணக்கு. பிடித்ததோ ஏறக்குறைய பத்து வருடம்! அதுதான் டெக் (டெக்ஸ் அல்ல, கடைசி எழுத்து கிரேக்கம்).

அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் லாடெக்கைக் கட்டினார். நிரல் வரிகளை ஒரு இடைவெளிகூடப் பிசகாமல் அச்சிட அதில் ‘வெர்பாட்டிம்’ உண்டு. மேற்கோள்களுக்கு 1985-ல் ஓரன் பட்டாஷ்னிக்கின் பிப்டெக். நூல் விவரத்தை ஒருமுறை தனிக்கோப்பில் எழுதினால் போதும், வரிசைப்படுத்துவது அதன் பாடு. யோசனை மட்டும் பிரையன் ரீடின் ‘ஸ்கிரைப்’ மென்பொருளில் முன்பே இருந்தது.

1973-ல் மூன்றாம் தொகுதியை வாங்கியவர்கள்தான் பாவம். நான்காம் தொகுதியின் முதல் பகுதி புத்தகமாக வந்தது 2011-ல்.