பசியை அளந்தவர்கள்: 1930களின் பிரித்தானியாவில் ஊட்டச்சத்து விவாதம்

ஒரு தொழிலாளியின் குடும்பம் நோயின்றி வாழ்வதற்கு வாரந்தோறும் உணவிற்கென எவ்வளவு பணம் தேவை? இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட பிரித்தானியாவில், இவ்வினா ஆய்வுகூடத்திலிருந்து அரசியல் மேடைக்கு வந்து சேர்ந்தது.

பசி என்பது அதுவரை வயிறு நிறைவது பற்றிய விடயமாகவே பெரிதும் கருதப்பட்டது. விற்றமின்கள் பற்றிய ஆய்வு இக்கருத்தை மாற்றியது. அதற்காகக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரெடெரிக் கௌலண்ட் ஹொப்கின்ஸ் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். பாணும் மாஜரினும் தேநீரும் வயிற்றை நிரப்பலாம். ஆயினும் குழந்தையின் எலும்பு வளைவதை அவை தடுக்கமாட்டா. எனவே கண்ணுக்குப் புலப்படாத பசியொன்று உண்டு என்பதும், அதனை அளந்தே அறிதல் வேண்டும் என்பதும் தெளிவாயின.

அளந்தறிவதை அரசாங்கம் விரும்பாத காலமும் அதுவே. 1931ஆம் ஆண்டு நெருக்கடியின்போது வேலையற்றோர் உதவிப்பணம் பத்து வீதத்தினாற் குறைக்கப்பட்டது. 1933இன் தொடக்கத்தில், பதிவுசெய்யப்பட்ட வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தை அண்மித்தது. சுகாதார அமைச்சோ நாட்டின் சராசரி மரணவீதம் வீழ்ச்சியடைவதைச் சுட்டிக்காட்டி அமைதி கண்டது. சராசரி என்பது செல்வந்தனையும் வறியவனையும் ஒரே வரியில் அடக்கிவிடும் வசதியான கருவியாகும். குறையேதும் காணப்படின், தாய்மாரின் சமையலறியாமை காரணமாகக் கூறப்பட்டது.

1933இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் குழுவொன்று, வளர்ந்த ஆண் ஒருவனுக்கு வாரத்திற்கு 5 சிலிங் 11 பென்ஸ் பெறுமதியான உணவாவது வேண்டும் எனக் கணித்தது. நாளொன்றுக்கு 3400 கலோரி என்பது அதன் அளவுகோல். அமைச்சின் ஆலோசனைக் குழுவோ 3000 போதுமென்றது. இந்த 400 கலோரி வேறுபாடு வெறும் விஞ்ஞானப் பிணக்கன்று. உயர்ந்த அளவை ஏற்பின், உதவிப்பணம் போதாதென ஏற்பதும் தவிர்க்கவியலாததாகிவிடும்.

இவ்விவாதத்தில் மிக வலிமையான சான்று, வட இங்கிலாந்தின் ஸ்ரொக்ரன் நகரச் சுகாதார வைத்திய அதிகாரி மக்கோனிகலிடமிருந்து வந்தது. 1927இல் அந்நகரின் சேரியொன்று அகற்றப்பட, அங்கிருந்த 152 குடும்பங்கள் மவுண்ட் பிளெசன்ட் என்னும் புதிய குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. காற்றும் வெளிச்சமும் குளியலறையும் கொண்ட வீடுகள் அவை. ஆயினும் அடுத்த ஐந்தாண்டுகளில் அங்கு மரணவீதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 23இலிருந்து 33இற்கு மேல் உயர்ந்தது. பழைய சேரியில் எஞ்சியோரிடையே அவ்வாறு உயரவில்லை. தொற்றுநோயையோ வடிகாலையோ குறைகூற இடமிருக்கவில்லை. வாடகை ஏறத்தாழ இருமடங்காயிற்று, வருமானம் உயரவில்லை. வாடகையைக் கட்டியவர்கள் உணவைக் குறைத்தனர் என்பதே மக்கோனிகலின் முடிவு. நல்ல வீடு மக்களைக் கொன்றது என்று இதனைப் பொருள்கொள்வது தவறு; கொன்றது வறுமையே.

அபர்டீனிலுள்ள ரோவெற் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஜோன் போய்ட் ஓர், 1936இல் இவ்வினாவை நாடு முழுவதற்கும் விரித்தார். 1152 குடும்பங்களின் வரவுசெலவுகளைக் கொண்டு மக்களை வருமானப்படி ஆறு பிரிவுகளாக வகுத்தார். கடைசிப் பிரிவினரான 45 இலட்சம் பேர் உணவிற்குச் செலவிட்டது தலைக்கு வாரம் 4 சிலிங் மட்டுமே. முழுமையான உடல்நலத்திற்கேற்ற உணவு சனத்தொகையின் அரைவாசிப் பேருக்குக் கிட்டவில்லை என்றார். மாதிரி சிறியது என்ற கண்டனம் நியாயமற்றதன்று. எனினும் அவர் நூலின் புதுமை அளவுகோலிலேயே உள்ளது: உயிர்தரிக்கப் போதுமான உணவையன்றி, முழு நலத்துக்குரிய உணவையே அவர் அளவாகக் கொண்டார். அதே ஆண்டில் எட்கர் அன்ஸ்ரி இயக்கி, உயிரியலறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி விளக்கமளித்த ஆவணப்படமொன்று இக்கருத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பணம் கொடுத்தது இலண்டன் எரிவாயுக் கம்பனியொன்று என்பது சுவையானது.

அரசு முற்றாக வாளாவிருக்கவில்லை. 1934 முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மூன்றிலொரு பைந்து பால் அரைப் பென்னிக்கு வழங்கப்பட்டது. ஆனால் அதற்குப் பிள்ளைகளின் பசியளவுக்கு விற்பனையாகாத பாலும் காரணமாயிருந்தது. மக்கோனிகல் 1939இல் காலமானார். கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நாள்தோறும் ஒரு பைந்து பால், வறியோருக்கு இலவசமாக, வழங்கும் திட்டம் 1940இல், போரின் நடுவே வந்தது.