ரப்பரின் வெப்ப இயல்பு

இழுத்தால் சூடாவதும், இழுபட்ட நிலையில் சூடேற்றினால் சுருங்குவதும் இயற்கை ரப்பரின் தனிப்பண்பு. அதை விளக்கும் முயற்சி அணுக்கொள்கையோடும் வெப்பக்கொள்கையோடும் சேர்ந்தே வளர்ந்தது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்களின் பிழைப்பாக இருந்த பால்மரமே, அதாவது ரப்பர் மரமே, இந்த வரலாற்றின் மூலப்பொருளைத் தருகிறது.

பண்பைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அகலமான ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே சற்று ஆறவிட்டு, விரைந்து தளர்த்தி மறுபடி வைத்தால் குளிர்ச்சி தெரியும். எடை தொங்கும் ரப்பர்ப் பட்டைக்கு வெந்நீர் ஊற்றினால் எடை கீழிறங்காமல் மேலே ஏறும்.

தமிழ் நூல்களில் வெப்பத்தையும் அணுவையும் இணைத்துப் பேசும் பழைய இடங்களுள் ஒன்று மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. ஆசீவகர் கூற்றாக அங்கு வரும் ஐவகை அணுக்களுள் தீயணு சுடும் இயல்பும் மேலெழும் இயல்பும் உடையது. அக்கொள்கையில் வெப்பம் ஒரு பொருள், இயக்கம் அன்று. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் வெப்பத்தைக் ‘கலோரிக்’ என்னும் கண்ணுக்குத் தெரியாத பாய்மமாகவே பலர் கருதினர். மூனிக்கில் பீரங்கி துளைக்கும்போது உராய்வால் வெப்பம் ஓயாமல் பிறப்பதைக் கண்ட ரம்ஃபோர்டு, 1798இல் இக்கருத்தை எதிர்த்து எழுதினார்.

ரப்பரின் வெப்பத்தை முதலில் ஆராய்ந்து எழுதியவர் இங்கிலாந்தின் கெண்டல் நகரைச் சேர்ந்த ஜான் காஃப் (1757–1825). சிறு குழந்தையாக இருந்தபோது பெரியம்மையால் பார்வை இழந்தவர். ரப்பர்த் துண்டை இழுத்து உதட்டில் வைத்து வெப்பமாறுதலை அறிந்த இவர், மூன்று செய்திகளைப் பதிவு செய்தார். முதலாவது, இழுத்தால் சூடும் தளர்த்தினால் குளிர்ச்சியும் தோன்றும். இரண்டாவது, எடை கட்டிய ரப்பர் சூட்டில் குறுகிக் குளிரில் நீளும். மூன்றாவது, இழுத்த ரப்பரைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் மீளும் தன்மை குன்றி, சூடேற்றியதும் திரும்பி வரும். மான்செஸ்டர் இலக்கிய, மெய்யியல் கழகத்தின் வெளியீட்டில் இக்கட்டுரை 1805இல் அச்சேறியது. காஃபின் விளக்கம் கலோரிக் கொள்கையை ஒட்டியது, அது நிலைக்கவில்லை. அவர் கண்ட மூன்றும் இன்றுவரை பிழையின்றி நிற்கின்றன.

இளம் ஜான் டால்டனுக்குக் கணிதமும் மொழிகளும் கற்றுக்கொடுத்தவரும், வானிலைக் குறிப்பு எழுதப் பழக்கியவரும் இதே காஃப்தான். டால்டனின் அணுக்கொள்கையில் அவருக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. டால்டனும் தம் அணுக்களைச் சுற்றி வெப்பப் பாய்மம் சூழ்ந்திருப்பதாகவே எண்ணினார். டால்டனிடம் சிறுவயதில் பாடம் கேட்ட ஜேம்ஸ் ஜூல், வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள அளவு உறவை நிறுவிய பின், 1859இல் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரைக் கொண்டு காஃபின் சோதனைகளை நுண்மையாக அளந்தார். மிகக் குறைவாக இழுக்கும்போது முதலில் சற்றுக் குளிர்வதையும் அவர் கண்டார். கண்பார்வையற்ற ஓர் ஆசிரியர், அவர் மாணவர், அந்த மாணவரின் மாணவர் என்ற இந்தத் தொடர்ச்சி குறிப்பிடத்தக்கது. இப்பண்பைச் சிலர் ஜூல் பெயரால் மட்டுமே குறிப்பர். காஃப்–ஜூல் விளைவு என்பதே பொருத்தம்.

ரப்பர்ப் பாலுக்கு அணுக்கொள்கையில் இன்னோர் இடமும் உண்டு. பாலில் மிதக்கும் நுண்துகள்கள் உருப்பெருக்கியில் ஓயாமல் துடிப்பது தெரியும். சுற்றியுள்ள நீரின் மூலக்கூறுகள் மோதுவதே காரணம். அம்மூலக்கூறுகளின் இயக்கமே நாம் வெப்பம் என உணர்வது. பாரிசில் விக்டர் ஆன்றி 1908இல் ரப்பர்ப் பால் துகள்களின் துடிப்பைப் படச்சுருளில் பதிவு செய்தார். அவர் பெற்ற அளவுகள் இத்துடிப்புக்கு ஐன்ஸ்டைன் 1905இல் தந்த கணக்கோடு பொருந்தாமல் மிகுதியாக இருந்தன. வேறொரு மரப்பிசினைக் கொண்டு ழான் பெரன் செய்த அளவீடுகளே அக்கணக்கை உறுதிப்படுத்தின. பெரனுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரப்பர் என்பது ஐந்து கரி அணுக்களும் எட்டு நீரக அணுக்களும் கொண்ட ஐசோப்பிரீன் அலகு ஆயிரக்கணக்கில் கோத்த நீள் சங்கிலி. இவ்வகைப் பெருமூலக்கூறுகள் உண்டு என்று ஜெர்மன் வேதியியலாளர் ஸ்டவுடிங்கர் 1920இல் வாதிட்டபோது ஏற்றவர் சிலரே. 1930களில் மையர், கூத், மார்க், கூன் ஆகியோர் மீள்தன்மையை வெப்ப இயக்கத்தால் விளக்கினர். இருவர் நுனியைப் பிடித்திருக்கும் கயிற்றை நடுவில் பலர் தாறுமாறாக உலுக்கினால் நுனிகள் உள்ளிழுபடும். அணுக்களின் துடிப்பு ரப்பர்ச் சங்கிலியையும் அவ்வாறே சுருட்டுகிறது. சூடு ஏறினால் துடிப்பு ஏறும், இழுவையும் ஏறும். மிகுதியாக இழுக்கும்போது சங்கிலிகள் படிகமாக ஒழுங்குபடுவதாலும் வெப்பம் வெளிப்படும். மொத்தத்தில் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்பது இழுவையின் அளவைப் பொறுத்தது.

இனி ரப்பர் விளைந்த ஜொகூருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இம்மாநிலம் கங்சு எனப்பட்ட சீனத் தலைவர்களின் கீழ் மிளகும் கேம்பியர் என்னும் செடியும் விளைந்த நிலம். கேம்பியர் இலையைக் கொதிக்கவைக்கக் காடுகள் விறகாயின. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து ரப்பர் பரவியது. அதை ஊக்கியவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்ட இயக்குநர் ரிட்லி. ஜொகூர் ரயில்பாதை 1909இல் முடிந்தது. கங்சு முறை 1917இல் ஒழிந்தது. குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய், லாபிஸ், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் குடியேறினர்.

பால்மரம் வெட்டுவது விடியலுக்கு முன்பே தொடங்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழந்து, பால்குழாய்களின் உள்ளழுத்தம் தளர்ந்து, மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டும் பால் குறையும். சேர்த்த பாலில் நீரும் ஃபார்மிக் அமிலமும் கலந்து உறையவைத்து, உருளைகளில் பிழிந்து, வரியிட்ட தகடுகளாக்குவர். வரிகள் பரப்பை மிகுவித்து உலர்தலை விரைவுபடுத்தும். பின் புகைக்கூடத்தில் கழிகளில் தொங்கவிட்டு, ஏறத்தாழ 40 முதல் 60 பாகை செல்சியசில் நான்கைந்து நாள் உலர்த்துவர். சூடு மிஞ்சினால் தகட்டில் கொப்புளம் எழும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தகட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் உலர்ந்த பகுதி தேன்நிறத்தில் ஒளிவிடும், உலராத இடம் வெண்திட்டாக நிற்கும். இந்தப் பார்வையே தரம் பிரித்தவரின் அளவுகோல். தீயை அளவாக வைத்திருந்ததும் பழக்கத்தால் வந்த நுண்ணறிவுதான். அக்காலக் கையேடுகளில் வெப்பநிலைகள் விரிவாக உள்ளன. தீ வளர்த்தவர்களின் பெயர்கள் அரிது.



1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கோலாலம்பூரில் நிறுவப்பட்டது. ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆதரவில் 1938இல் இங்கிலாந்தில் அமைந்த ஆய்வகத்தில்தான் இயற்பியலாளர் டிரெலோர் மீள்தன்மை இயற்பியலை வளர்த்தார். அவரது நூல் 1949இல் வெளிவந்தது. சுங்கை பூலோ வட்டாரத் தோட்டம் ஒன்றில் 1929இல் பிறந்த பி. சி. சேகர், ரப்பர் இருப்பில் இறுகுவதன் காரணத்தை ஆராய்ந்து பின்னர் அக்கழகத்தின் இயக்குநரானார். 1965இல் வந்த மலேசியத் தரநிர்ணய ரப்பர் முறையில் ரப்பர் துகளாக்கப்பட்டு, நூறு பாகைக்கு மேற்பட்ட வெங்காற்றில் சில மணி நேரத்திலேயே உலர்ந்தது. தகட்டு ரப்பர் முழுவதும் மறையவில்லை.

பிற்காலத்தில் ஜொகூர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. காஃப் கண்ட பண்பு பற்றிய ஆய்வோ தொடர்ந்தது. 2019இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, முறுக்கிய இயற்கை ரப்பர் இழையைத் தளர்த்திக் குளிர்ச்சி பெறும் வழியைக் காட்டியது. மீண்டும் மீண்டும் இழுபடும் ரப்பர் களைத்து விரிசல் காண்பது இதன் பயன்பாட்டுக்கு உள்ள தடைகளுள் ஒன்று.