ஆச்சிமார் பின்னிய கொட்டான்கள்

பனங்குருத்து ஓலையைச் சீரான நாராகக் கிழித்து, சாயம் ஏற்றி, அடி சதுரமும் வாய் வட்டமுமாகப் பின்னும் கூடைக்குச் செட்டிநாட்டில் கொட்டான் என்று பெயர். காரைக்குடி வட்டாரத்து வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் இதைத் தங்கள் கையாலேயே பின்னினர். விற்பதற்கு அல்ல, கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் பண்டங்களை வைத்து வழங்குவதற்காக. செல்வம் மிகுந்த வீட்டுப் பெண்கள், மிக எளிய மூலப்பொருளில் தங்கள் ரசனையைக் காட்டிய கலை இது.

இதற்கான சூழலைத் தந்தது பர்மா வணிகம். 1852இல் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அரிசி ஏற்றுமதி பெருகியது. ஐராவதி கழிமுகத்து விவசாயிகளுக்குக் கடன் கொடுக்க நகரத்தார் கடல் கடந்தனர். அவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்க, வளவு எனும் உள்முற்றம் வைத்த பெரிய வீடுகளின் நிர்வாகம் பெண்களிடம் இருந்தது. வேலை ஓய்ந்த பொழுதுகளில் ஓலை கைக்கு வந்தது. கொட்டானின் விளிம்பைப் பாசிமணியும் குரோஷா பின்னலும் அலங்கரித்தன. ஊர்ப் பனையும் கடல்வழி வந்த அலங்காரமும் ஒரே கூடையில் சேர்ந்த அந்த இணைப்பே ஆச்சிமாரின் தனித்த சாதனை. செட்டிநாட்டுப் பெருமை என்றாலே பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பேசுகிறோம்; மக்கிப்போகும் ஓலையில் அவர்கள் காட்டிய நுட்பமும் அதே அளவு பேசப்பட வேண்டியது.

1930களின் பெருமந்தத்தில் கடன் திரும்பாததால் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்களுடையது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தது. 1948இல் பர்மா விடுதலை பெற்று, நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. நகரத்தார் போட்ட முதல் போனது. பல குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன, வீடுகள் பூட்டப்பட்டன. பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் கொட்டானின் இடத்தைப் பிடிக்க, பின்னத் தெரிந்தவர்கள் முதிய ஆச்சிமார் சிலர் மட்டுமே என்றானது.

2000இல் விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை இக்கலையை மீட்டது. சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பழைய வடிவங்களை மீண்டும் பின்னவைத்தது. கொட்டானுக்கு யுனெஸ்கோவின் கைவினைத் தர முத்திரையும் புவிசார் குறியீடும் கிடைத்தன. வளமான வீட்டுப் பெண்கள் ஓய்வில் செய்த கலை, இப்போது வேறு பெண்களுக்குக் கூலி தரும் தொழிலாக இருக்கிறது.