கேமராவை எண்ணினோம், பூட்டை மறந்தோம்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் உருவானபோது காவல் என்றால் வாட்ச்மேன்தான்: கையில் டார்ச், வாயில் விசில், மேசையில் வருகைப் பதிவேடு. அவர் கண்ணில் பட்டது கேட்டைத் தாண்டிப் போகாது. அந்த வேலையில் பாதியை இன்று கேமரா பார்க்கிறது. இந்த மாற்றத்தின் வரலாற்றில் எத்தனை கேமரா என்று எண்ணினோமே தவிர, அதன் வழியே யாரெல்லாம் பார்க்க முடியும் என்று கேட்கவில்லை. பொதுக் கட்டடங்களில் கேமராவைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு அரசு 2012-இல் விதி வகுத்தது. 2017-இல் சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' திட்டத்தில் கடைக்காரர்களையும் குடியிருப்போரையும் கேமரா மாட்டச் சொன்னது. சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் சென்னை உலகிலேயே முதலிடம் என்று 2021-இல் சர்ஃப்ஷார்க் நிறுவனம் கணக்குச் சொன்னபோதும் பேச்சு எண்ணிக்கையைப் பற்றித்தான்.

பாதுகாப்பில் ஓட்டை விழுவது கேமராவை மாட்டும் நாளிலேயே. காட்சியைப் பதியும் டிவிஆர் பெட்டியைச் சுவரில் பொருத்துபவர், முதலாளி வீட்டிலிருந்தே போனில் பார்ப்பதற்காக ரௌட்டரில் ஒரு வழியைத் திறந்துவிடுகிறார். பயனர் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்ததே. திறந்த வழி முதலாளிக்கு மட்டும் என்று ரௌட்டருக்குத் தெரியாது. 2009-இல் வந்த ஷோடான் போன்ற தேடுபொறிகள், இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பதில் தரும் கருவிகளைப் பட்டியலிடுகின்றன. 2014-இல் பாஸ்வேர்டு மாற்றப்படாத சுமார் 73,000 கேமராக்களின் நேரலைக் காட்சி ஒரே தளத்தில், நாடுவாரியாக, யாரும் பார்க்கும்படி கிடந்தது.

அப்படியானால் தேடுபொறியைத் தடை செய்துவிடலாமே எனலாம். அது கதவைத் திறப்பதில்லை, திறந்து கிடப்பதைச் சொல்கிறது. அதை மூடினாலும் தட்டிப் பார்க்கும் நிரல் யார் கணினியிலும் ஓடும். கேமராவால் திருடர்கள் பிடிபடுகிறார்கள் என்பது வலுவான வாதம். ஆனால் கடை எப்போது பூட்டுகிறது, வீட்டில் யார் தனியே இருக்கிறார் என்று திருடனுக்குச் சொல்வதும் அதே காட்சிதான். மறைக்க எதுவும் இல்லாதவருக்கு என்ன பயம் என்பாருக்கு ராஜ்கோட் பதில் சொல்லும்: 2025 பிப்ரவரியில், அங்கே ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்த பெண்களின் காட்சிகள் வெளியேறி விற்பனைக்குப் போனது தெரியவந்தது. கேமராவை மாட்டியது ஒருவர், மானம் போனது வேறொருவருக்கு. விற்பனைக்கு வரும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் விதித்தது நல்லதே. ஆனால் ஏற்கெனவே சுவரில் இருப்பவற்றை அது தொடாது. கேமரா மாட்டச் சொல்லித் தெருத்தெருவாக வந்த காவல்துறையினர், பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி இன்னொரு முறை வரவேண்டும்.