எலிக்சிர் சல்பனிலமைடும் பிரான்சிஸ் ஓல்டம் கெல்சியும்

பிரான்சிஸ் ஓல்டம் கெல்சி (1914–2015) கனடாவில் பிறந்த மருந்தியலாளர். தாலிடோமைடை அமெரிக்கச் சந்தைக்குள் விடாதவர் என்றே பலரும் இவரை அறிவர். அந்த உறுதியின் வேர் இவருடைய மாணவப் பருவத்தில் இருக்கிறது.

மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்த பின் 1936-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கெய்லிங்கிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். பேராசிரியர் அனுப்பிய கடிதம் இவரை "திரு. ஓல்டம்" என்றே விளித்தது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் ஆணின் பெயர் ஆகியிருக்கும்!

அடுத்த ஆண்டே அந்த ஆய்வகத்துக்கு ஒரு கொடிய வேலை வந்தது. தொற்றுநோய்களுக்கு நல்ல பலன் தந்த சல்பனிலமைடை, மாத்திரை விழுங்க இயலாத குழந்தைகளுக்காகத் திரவமாக்கியது மாசென்கில் நிறுவனம். கரைப்பானாகச் சேர்த்தது டைஎத்திலீன் கிளைக்கால். சுவை, மணம், நிறம் மூன்றையும் பார்த்தார்கள், நச்சுத்தன்மையைப் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

கொன்றது எது? மருந்தா, கரைப்பானா? கெய்லிங்கின் ஆய்வகம் விலங்குகளுக்கு அவற்றைக் கொடுத்துச் சோதித்தது. எலிகளைக் கவனிக்கும் பணி ஓல்டமுக்கு. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது கரைப்பானே எனத் தெரிந்தது. இதே வேதிப்பொருள் 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் 14 உயிர்களைப் பறித்தது.

அன்றைய சட்டப்படி, சோதிக்காமல் மருந்து விற்பது குற்றமே அல்ல. 'எலிக்சிர்' என்றால் அதில் ஆல்ககால் இருக்க வேண்டும், இதில் இல்லை. எனவே பெயர் தவறு என்ற குற்றத்துக்கே நிறுவனத்துக்கு அபராதம் விதிக்க முடிந்தது. 1938-இல் வந்த புதிய சட்டம், விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்றது. ஓல்டம் முனைவர் பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான்.

போர்க்காலத்தில் மலேரியா மருந்து ஆய்வில் ஈடுபட்டபோது இன்னொன்றைக் கண்டார். வளர்ந்த முயலின் உடல் குயினைனைச் சிதைத்துவிடுகிறது. கருவால் அது இயலவில்லை. தாய்க்கு ஒத்துக்கொள்வது கருவுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்வதற்கில்லை.

1960-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் சேர்ந்த கெல்சியின் மேசைக்குத் தாலிடோமைடு விண்ணப்பம் வந்தது. ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த தூக்க மருந்து அது. நிறுவனம் விடாமல் நெருக்கியது. இவரோ நரம்புப் பாதிப்பு பற்றி வந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவரின் கடிதத்தைக் காட்டினார். கருவுக்குத் தீங்கில்லை என்பதற்குச் சான்று கேட்டார். 1961 நவம்பரில் ஜெர்மனியே அம்மருந்தைத் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் ஊனத்துடன் பிறந்திருந்தனர்.

மருந்து பலன் தரும் என்பதையும் நிறுவ வேண்டும் என 1962-இல் சட்டம் திருத்தப்பட்டது. கெல்சி 2005-இல், தம் 90 வயதில்தான் பணி ஓய்வு பெற்றார்.