விளக்கு எரியாத வீடுகள்

செய்யூர்க் கந்தசுவாமி கோயிலைச் சுற்றி 27 வேதாளங்கள் கல்லாய் நிற்கின்றன. நக்ஷத்திரத்துக்கு ஒன்று என்று கணக்கு. எல்லோரும் தத்தம் ஜன்ம நக்ஷத்திரத்தைத் தேடுவார்கள். நான் தேடியது உத்திரட்டாதியை. அது என் நக்ஷத்திரம் அல்ல. கார்த்திகை மாத முன்னிரவில் உத்திரட்டாதிக்குச் சற்று வடகிழக்கே, ஊதிவிட்ட விபூதி மாதிரி ஒரு மங்கல் தெரியும். ஆண்ட்ரோமீடா என்னும் நக்ஷத்திர மண்டலம் அதுதான். 25 லக்ஷம் ஒளியாண்டுத் தொலைவு. அதைப் பற்றிய ஒரு கதை உண்டு.

இத்தகைய சுருள் மண்டலங்களில் வெளிச்சம் நடுவே குவிந்திருக்கும். வெளியே போகப் போக ஒரே விகிதத்தில் தேய்ந்துகொண்டு போகும். கென் ஃப்ரீமன் 1970-ல் இதைக் கணக்காகவே எழுதினார். வெளிச்சம் உள்ள இடத்தில்தானே எடையும் இருக்கும்? பெரும்பாலோர் அப்படித்தான் நம்பினார்கள். அப்படியானால் விளிம்பில் இருப்பவை மெதுவாகச் சுற்ற வேண்டும். நம் சூரியனைச் சுற்றும் புதன் விநாடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது. கோடியிலுள்ள நெப்டியூனுக்கு 5 கிலோமீட்டர்தான்.

அதே 1970-ல் வீரா ரூபின் என்ற அமெரிக்க அம்மாள், கென்ட் ஃபோர்டு அமைத்த கருவியின் துணையோடு ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை அளந்து வெளியிட்டார். விளிம்பில் வேகம் குறைவதாய்க் காணோம்! 1980-ல் இன்னும் 21 மண்டலங்களின் கணக்கு வந்தது. அங்கும் இதே கதைதான்.

இருட்டிய பிறகு உப்பளத்துப் பக்கம் நின்றுகொண்டு, எரிகிற விளக்குகளை எண்ணிச் செய்யூரின் ஜனத்தொகையைச் சொன்னால் எப்படியிருக்கும்? முன்தூங்கிகளின் வீடெல்லாம் கணக்கில் விட்டுப்போகும். வானத்திலும் நாம் செய்தது அதுதான். பெரும் எடை, ஒளியே விடாத ஏதோ ஒரு பொருளாக, மண்டலத்துக்கு வெளியேயும் வெகுதூரம் கவிந்து கிடக்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கூட்டத்தினூடே ஓடும் நக்ஷத்திரத்தை மற்றவற்றின் ஈர்ப்பு பின்னுக்கு இழுத்து வேகத்தைத் தணிக்கும் என்று 1943-லேயே அவர் கணக்கிட்டார். தேர்க்கூட்டத்தில் அவசரமாகப் போகிறவன் படும் பாடுதான். அவர் மனத்தில் இருந்தவை ஒளிரும் நக்ஷத்திரங்கள். இன்று அதே சூத்திரத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருளுக்குள் சின்ன மண்டலங்கள் எப்படி அமிழ்கின்றன என்று பார்க்கிறார்கள்.

சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. ரூபின் அம்மாளுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை, 2016-ல் காலமானார். எனக்கு அதில் வருத்தந்தான். அவர் பெயரால் சிலி நாட்டு மலையில் எழுந்த வானாய்வுக்கூடம் 2025-ல் முதல் படங்களை வெளியிட்டது. அந்த இருட்டுப் பொருள் இன்னதென்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.